கிழமை பார்த்து ரயில் ஏறுங்கள்: பிரான்சில் ஓவியம் பார்க்கப் போகிறவர்களுக்கு

முதல் முறை போனபோது நான் செய்த காரியம் இது. விடியற்காலையில் எழுந்து, இரண்டு ரயில் மாறி, கிழக்கே ஒரு சிற்றூரில் இறங்கி, தூறலில் இருபது நிமிடம் நடந்துபோய் அருங்காட்சியகத்தின் கதவைத் தள்ளினேன். கதவு அசையவில்லை. எதிரே ரொட்டிக் கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "மார்தி, மெஸ்யூ, மார்தி" என்றார். மார்தி என்றால் செவ்வாய்க்கிழமை. நான் கற்றுக்கொண்ட பிரெஞ்சுச் சொற்களிலேயே அதிக விலை கொடுத்து வாங்கியது அதுதான். விலை, போகவர ரயில் கட்டணம்.

ஆகவே இந்த வழிகாட்டியை விசாவிலிருந்தோ விமானத்திலிருந்தோ தொடங்கப் போவதில்லை. கிழமையிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: ஏழு கட்டம் போட்ட ஒரு தாள்

பிரான்சில் அருங்காட்சியகங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அது ஞாயிறாக இருக்காது. பெரும்பாலும் செவ்வாய், இல்லையென்றால் திங்கள். பாரிசில் லூவ்ர், ஓரஞ்சரி, ஆசியக் கலைக்கான கீமே ஆகியவை செவ்வாயன்று மூடியிருக்கும். பாரிசுக்கு வெளியே லியோன், லீல், ரூவான் நகரங்களின் நுண்கலை அருங்காட்சியகங்கள், கொல்மாரின் உந்தெர்லிந்தன், லான்ஸ் ஊரிலுள்ள லூவ்ர் கிளை, மெஸ் நகரத்துப் பொம்பிதூ கிளை, நீஸ் நகரின் மத்தீஸ், ஷாகால் அருங்காட்சியகங்கள் ஆகியவற்றுக்கும் செவ்வாய்தான். திங்களன்று மூடுகிறவை வேறு கூட்டம்: ஓர்சே, ரோதான், பாரிஸ் மாநகராட்சியின் பெத்தி பலே, ரூபேயின் 'லா பிசீன்', மோன்பெலியேயின் ஃபாப்ர்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓர்சே மூடியிருக்கும் திங்களன்று பாரிசுக்கு வந்திருக்கும் அத்தனை பேரும் லூவ்ருக்குப் போகிறார்கள். லூவ்ர் மூடியிருக்கும் செவ்வாயன்று அத்தனை பேரும் ஓர்சேக்குப் போகிறார்கள். இந்த இரண்டு நாட்களிலும் இந்த இரண்டு இடங்களையும் தவிர்த்தாலே பாதி நெரிசல் தீர்ந்தது. மாலை நேரமும் கைகொடுக்கும். லூவ்ர் புதனும் வெள்ளியும் இரவு 9 மணி வரை திறந்திருக்கிறது. ஓர்சே வியாழனன்று 9.45 வரை. சுற்றுலாக் குழுக்கள் சாப்பிடப் போய்விடும் ஏழு மணிக்கு மேல் உள்ளே இருப்பது தனி சுகம்.

தாளில் ஏழு கட்டம் போட்டு, எது எப்போது மூடும் என்று சிவப்பில் எழுதுங்கள். ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 மூன்றையும் அடித்துவிடுங்கள். அன்று ஏறக்குறைய எல்லாமே மூடியிருக்கும். பாரிசிலுள்ள பொம்பிதூ மையத்தையும் அடித்துவிடலாம். 2025 செப்டம்பரில் பழுதுபார்ப்புக்காக முழுவதும் மூடிவிட்டார்கள். 2030 வரை திறக்காது. பழைய பயண நூல்களை நம்பிப் போய் அதன் வாசலில் நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பணக் கணக்கையும் இதே தாளில் முடித்துவிடுங்கள். லூவ்ரில் இப்போது இரண்டு விலை. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியின் (ஐரோப்பிய ஒன்றியமும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனும்) குடிமக்களுக்கும் அங்கே வசிக்கிறவர்களுக்கும் 22 யூரோ. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2026 ஜனவரி 14 முதல் 32 யூரோ. சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிறவர்கள் 32 கட்ட வேண்டும். பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு லண்டனிலிருந்து வருகிறவர்களும் அதே வரிசைதான். 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இலவசம், ஆனால் நேரம் குறித்த சீட்டு அவர்களுக்கும் எடுக்க வேண்டும். ஓர்சே, ஓரஞ்சரி, கீமே மாதத்தின் முதல் ஞாயிறன்று இலவசம். பெத்தி பலே போன்ற மாநகராட்சி அருங்காட்சியகங்களில் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்க எந்த நாளும் காசு கேட்க மாட்டார்கள். ரூவானின் நுண்கலை அருங்காட்சியகமும் அப்படியே.

இரண்டாம் படி: ஊரைத் தேர்ந்தெடுப்பது என்றால் நிலையத்தைத் தேர்ந்தெடுப்பது

பாரிசுக்கு மைய ரயில் நிலையம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு திசைக்கும் ஒரு முட்டுநிலையம், தடம் அங்கேயே முடிந்துவிடும். 'கார்' என்றால் பிரெஞ்சில் ரயில் நிலையம். வடக்கே லீல், லான்ஸ் போக கார் து நோர். கிழக்கே ஸ்திராஸ்பூர், கொல்மார், மெஸ் போக கார் து லெஸ்ட். லியோன், மர்செய், மோன்பெலியே, நீஸ் போக கார் து லியோன். பெயரைப் பார்த்து அது லியோன் நகரத்தில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், பாரிசில்தான் இருக்கிறது. மேற்கே போர்தோ, நாந்த் போக மோன்பர்னாஸ். நார்மண்டிப் பக்கம் போக சான் லசார். ஒரு திசையிலிருந்து வந்து இன்னொரு திசைக்குப் போகிறவர்கள் மெட்ரோவில் ஊரைக் குறுக்கே கடந்து நிலையம் மாற வேண்டும். அதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். பெட்டியும் குழந்தையும் இருந்தால் ஒன்றரை.

தூரத்தை மைலில் எண்ணாதீர்கள், மணியில் எண்ணுங்கள். டி.ஜி.வி. அதிவேக ரயில் 1981இல் பாரிசுக்கும் லியோனுக்கும் நடுவே ஓடத் தொடங்கியது. இன்று அந்தத் தூரம் இரண்டு மணி நேரம். லீல் ஒரு மணி. மெஸ் ஒன்றரை மணிக்குள். ஸ்திராஸ்பூர் ஒன்றேமுக்கால். மர்செய் மூன்றரை மணிக்குள். நீஸ் மட்டும் ஆறு மணியை நெருங்கும். ஒரே நாளில் போய்வருகிற ஊர் இல்லை.

இங்கே ஒரு பொறி. அதிவேகத் தண்டவாளம் ஊருக்குள் நுழையாத இடங்களில் வயல்வெளியில் தனி நிலையம் கட்டியிருக்கிறார்கள். அவிஞோன், ஏக்ஸ், வலான்ஸ் போன்ற ஊர்களின் பெயருக்குப் பின்னால் 'டி.ஜி.வி.' என்று ஒட்டியிருந்தால் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது என்று பொருள். மோன்பெலியேயில் சான் ரோக் என்றால் ஊர் நடுவே. சுத் து ஃபிரான்ஸ் என்றால் ஊர்க்கோடி. லியோனில் பார்தியே, பெராஷ் இரண்டும் நகருக்குள். சான் எக்சுபேரி விமான நிலையத்தில். அமியானுக்கும் சான் காந்தானுக்கும் நடுவே வயலில் நிற்கும் ஒரு நிலையத்துக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'பீட்ரூட் நிலையம்'. சுற்றிலும் பயிராவது அதுதான். டிக்கெட் விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் நிலையத்தின் முழுப்பெயரை ஒரு முறை படியுங்கள்.

மூன்றாம் படி: டிக்கெட்

இரண்டே வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிவேக ரயில், வட்டார ரயில்.

அதிவேக ரயிலின் விலை விமான டிக்கெட்டைப்போல நாளுக்கு நாள் ஏறும். முன்பதிவு சில மாதங்களுக்கு முன்னால் திறக்கிறது. அப்போதே எடுத்தவர் கொடுத்ததற்கும், முந்தின நாள் எடுத்தவர் கொடுத்ததற்கும் மடங்குக் கணக்கில் வித்தியாசம் இருக்கும். இதிலும் இரண்டு பெயர்கள். இனுயி என்பது வழக்கமான சேவை. வீகோ என்பது மலிவு சேவை. வீகோவில் கைப்பை ஒன்று, விமான அறைக்குள் கொண்டுபோகும் அளவில் சிறு பெட்டி ஒன்று. அதற்குமேல் பெரிய பெட்டி என்றால் தனிக் கட்டணம். அதை டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்துக்கொண்டால் மலிவு, நடைமேடையில் பிடிபட்டால் கை சுடும். பெரிய பெட்டியோடு போகிறவர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்தால் சில சமயம் இனுயியே லாபமாக இருக்கும். ஆறேழு பயணங்கள் திட்டமிட்டிருந்தால் வருடத்துக்கு 49 யூரோவுக்கு விற்கும் 'கார்த் அவான்தாஜ்' என்ற சலுகை அட்டையையும் கணக்கில் சேருங்கள். வெளிநாட்டவரும் வாங்கலாம். இனுயியில் 30 சதவீதம் கழிவு. ஆனால் 27 முதல் 59 வயதுக்காரர்களுக்கு அது வார இறுதியை ஒட்டிய பயணங்களுக்குத்தான்.

டி.இ.ஆர். என்கிற வட்டார ரயிலுக்கு இந்த அவசரம் எதுவும் இல்லை. பெரும்பாலான தடங்களில் விலை ஏறாது, இடம் தீராது. அன்று காலை வானம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுக்கலாம். கையில் காகித டிக்கெட் இருந்து, அதில் 'கொம்போஸ்தே' என்ற சொல் அச்சிட்டிருந்தால், ஏறுவதற்கு முன் நடைமேடை வாசலில் இருக்கும் இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். மறந்துவிட்டால், டிக்கெட் இருந்தும் இல்லாதவர் கணக்கு. கைப்பேசியில் வாங்கியதற்கு இந்தத் தொல்லை இல்லை, மின்கலம் தீராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஐரோப்பா முழுக்கச் சுற்றும் ரயில் அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சு அதிவேக ரயிலில் அந்தச் சீட்டு மட்டும் போதாது, ஒவ்வொரு பயணத்துக்கும் இருக்கை முன்பதிவு தனியாகச் செய்ய வேண்டும். அந்த ஒதுக்கீடும் சீக்கிரம் தீர்ந்துபோகும். பிரான்சுக்குள் மட்டும் சுற்றுகிறவர்களுக்கு அது தேவையில்லாத செலவு என்பது என் கருத்து.

நான்காம் படி: நிலையத்தில் கழுத்தை நிமிர்த்தி நில்லுங்கள்

கார் து லியோனில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பலகையின் கீழே ஐந்நூறு பேர் பெட்டியும் கையுமாக அண்ணாந்து பார்த்து நிற்கிறார்கள். யாரும் பேசவில்லை. பலகையில் வரிசையின் கோடியில் ஓர் எழுத்து விழுகிறது. அவ்வளவுதான், பாதிக் கூட்டம் ஒரே திசையில் நகர்கிறது. மீதிப் பாதி அண்ணாந்தபடியே நிற்கிறது. ரயில் எந்த நடைமேடைக்கு வரும் என்பதைப் புறப்பட ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு முன்புதான் சொல்வார்கள். அதுவரை பதற்றப்பட ஒன்றுமில்லை. புதிதாக வருகிறவர்கள் டிக்கெட்டில் நடைமேடை எண்ணைத் தேடித் தேடி வியர்க்கிறார்கள். அது டிக்கெட்டில் இருக்காது. டிக்கெட்டில் இருப்பது பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும்: 'வுவாத்யூர்' என்றால் பெட்டி, 'பிளாஸ்' என்றால் இருக்கை, பலகையில் தெரியும் 'வுவா' என்றால் நடைமேடை. இரண்டடுக்கு ரயிலில் 'ஓ' மேல்தளம், 'பா' கீழ்த்தளம்.

கார் து லியோனில் நடைமேடைகள் இரண்டு குடும்பம். முதல் கூடத்தில் எழுத்துகள், இரண்டாம் கூடத்தில் எண்கள். எழுத்து விழுந்ததைப் பார்த்துவிட்டு எண்களின் பக்கம் ஓடுகிறவரை ஒவ்வொரு முறையும் பார்க்கலாம். ஒரு முறை அது நான்.

நடைமேடையிலும் எழுத்துப் பலகைகள் தொங்கும். உங்கள் பெட்டி எந்த எழுத்துக்கு நேராக நிற்கும் என்று படமாகப் போட்டிருப்பார்கள். அங்கே போய் நில்லுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. பல டி.ஜி.வி.க்கள் இரண்டு ரயில்களைக் கோத்து ஓட்டப்படுகின்றன, வழியில் ஒரு நிலையத்தில் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போய்விடும். உள்ளே ஏறிய பிறகு ஒரு ரயிலிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக வழி கிடையாது. புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் கதவை மூடிவிடுவார்கள். 10.00 மணி ரயில் என்றால் 9.58 மணி ரயில்.

பெட்டியின் மேல் பெயர்ச்சீட்டு கட்டுவது கட்டாயம். ஆளில்லாமல் கிடக்கும் பெட்டிக்காக நிலையத்தையே காலி செய்துவிட்டு வெடிகுண்டு நிபுணர்களை அழைப்பார்கள். "ஒரு நிமிடம் காபி வாங்கிவிட்டு வருகிறேன்" என்று பெட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: பெட்டியை எங்கே வைப்பது

ரயிலில் இறங்கி நேரே ஓவியம் பார்க்கப் போகலாம் என்று திட்டமிடுகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அருங்காட்சியகத்தில் பொருள் காப்பறை இருக்கும், இலவசமாகவும் இருக்கும்; ஆனால் பயணப் பெட்டியை உள்ளே விட மாட்டார்கள். லூவ்ரில் 55, 35, 20 சென்டிமீட்டர் அளவைத் தாண்டிய பை வாசலிலேயே நிற்கும். பெரிய ரயில் நிலையங்களில் 'கோன்சீன்' என்ற பலகையைத் தேடுங்கள். ஊடுகதிரில் பெட்டியைச் சோதித்துவிட்டு அறைப்பெட்டி தருவார்கள். இரவில் மூடிவிடுவார்கள், மூடும் நேரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சிறிய நிலையங்களில் இந்த வசதியே இருக்காது. அங்கே முதலில் விடுதிக்குப் போய்ப் பெட்டியை ஒப்படைத்துவிட்டுத்தான் ஓவியம்.

ஆறாம் படி: உள்ளே போனதும்

"பொன்ஜூர்" சொல்லுங்கள். சீட்டு கிழிப்பவரிடம், காவலரிடம், காப்பறைப் பெண்ணிடம், எல்லோரிடமும். அதைச் சொல்லாமல் நேரே கேள்வியைத் தொடங்கினால் முகம் இறுகும். பிரெஞ்சுக்காரர்கள் கடுகடுப்பானவர்கள் என்று ஊர் திரும்பிச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஒரு சொல்லை விட்டவர்கள்.

முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். படம் எடுக்கலாம், மின்னொளி கூடாது. மூடும் நேரத்துக்கு அரை மணிக்கு முன்பே அறைகளைக் காலி செய்யத் தொடங்கிவிடுவார்கள், ஆறு மணிக்கு மூடினால் ஐந்தரைக்கே கணக்கு முடிந்தது. இன்னொன்று, யாரும் எழுதாத அறிவுரை: அருங்காட்சியகத்தில் கழிப்பறை இலவசம், பெரிய நிலையங்களில் பெரும்பாலும் காசு. புறப்படுமுன் அதையும் முடித்துக்கொள்ளுங்கள்.

லூவ்ரை ஒரு நாளில் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவர் ஓடியிருக்கிறார், பார்க்கவில்லை. தெனோன், சுல்லி, ரிஷ்லியூ என்று மூன்று சிறகுகள். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மோனாலிசாவைப் பார்க்காமல் திரும்பினால் வீட்டில் விட மாட்டார்கள் என்றால் தெனோன். 77க்கு 53 சென்டிமீட்டர் பலகை, கண்ணாடிக்குப் பின்னால், முன்னால் நூறு கைப்பேசிகள். வரிசை உங்களைத் தள்ளிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தி, அரை நிமிடத்தில் ஓரமாகத் தள்ளிவிடும். தள்ளிவிட்டதும் திரும்பிப் பாருங்கள். மோனாலிசாவுக்கு எதிர்ச்சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு வெரோனேசே 1563இல் முடித்த 'கானாவின் திருமணம்'. ஏறக்குறைய ஏழு மீட்டர் உயரம், பத்து மீட்டர் அகலம். லூவ்ரிலேயே பெரிய ஓவியம். வெனிசில் ஒரு மடத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்காக வரைந்தது. 1797இல் நெப்போலியனின் படை கொண்டுவந்துவிட்டது. விருந்தின் நடுவே இயேசு அமர்ந்திருக்கிறார். கீழே இசைக்காரர்கள், நாய்கள். அவர் தலைக்கு நேர் மேலே மாடத்தில் ஒருவன் இறைச்சி வெட்டிக்கொண்டிருக்கிறான். விருந்தாளிகள் ஒருவரும் அவனைக் கவனிக்கவில்லை. அந்த அறையில் இருப்பவர்களும் கவனிப்பதில்லை, அவர்கள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஓர் ஓவியத்தின் முன்னால் இவ்வளவு தாராளமாக இடம் கிடைப்பது லூவ்ரில் இங்கேதான்.

ஓர்சேக்குப் போகிறவர்கள் ஓவியத்துக்கு முன்னால் கட்டடத்தைப் பாருங்கள். அது ரயில் நிலையம். 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக விக்தோர் லலூ என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. ரயில்கள் நீளமாகிக்கொண்டே போக, நடைமேடைகள் போதாமல் 1939இல் தொலைதூர ரயில்கள் நின்றுபோயின. இடிக்க இருந்ததைக் காப்பாற்றி 1986இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சிலைகள் நிற்கும் நடுக்கூடத்தில்தான் ஒரு காலத்தில் ரயில்கள் நின்றன. ஐந்தாம் மாடிக்கு முதலில் ஏறிவிடுங்கள், கூட்டம் கீழிருந்து மேலே வருவதற்குள். அங்கே மோனே 1877இல் வரைந்த சான் லசார் நிலையம் இருக்கிறது. கண்ணாடிக் கூரையின் முக்கோணம், அதன் கீழே நீலமாகவும் சாம்பலாகவும் உருளும் புகை, புகைக்குள் கறுப்பாக ஒரு எஞ்சின். கிட்டே போனால் எஞ்சின் கரைந்துவிடுகிறது, தூரிகைத் தீற்றல் மட்டும் மிஞ்சுகிறது. மூன்றடி பின்னால் வந்தால் ரயில் மறுபடி நிலையத்துக்குள் வந்துவிடுகிறது. மூன்று தடவை முன்னும் பின்னும் போய்வந்தேன், காவலர் சிரித்தார்.

ஏழாம் படி: பாரிசை விட்டு வெளியே வாருங்கள்

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். பாரிசில் ஓவியத்தைப் பார்ப்பதற்குப் படும் பாட்டில் பாதி பட்டால் வெளியூரில் இரண்டு மடங்கு பார்க்கலாம். ரயில் இவ்வளவு நன்றாக ஓடுகிற நாட்டில் ஒரே ஊரில் முட்டிக்கொண்டு நிற்பது வீண்.

சான் லசாரிலிருந்தே தொடங்கலாம். மோனே வரைந்த அதே கூரையின் கீழே ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணியில் ரூவான். 1892 முதல் 1894 வரை அந்த ஊர்த் தேவாலயத்தின் முகப்பை அவர் முப்பது தடவைக்கு மேல் வரைந்தார். காலை, நண்பகல், மூடுபனி, அந்தி. அவற்றில் சில ஓர்சேயில், ஒன்று ரூவானின் அருங்காட்சியகத்தில். நிலையத்திலிருந்து பத்து நிமிடம் கீழிறங்கினால் அருங்காட்சியகம். அதைப் பார்த்துவிட்டுத் தேவாலயத்தின் எதிரே போய், வெயில் ஏறி இறங்கும்வரை ஓரிடத்தில் உட்காருங்கள். கல் நிறம் மாறுவது தெரியும்.

வடக்கே போகிறவர்களுக்கு ரூபே. லீலில் இறங்கி, ஓட்டுநர் இல்லாத மெட்ரோவில் இரண்டாம் தடத்தைப் பிடித்து 'கார் ஜான் லெபா' நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கேதான் 'லா பிசீன்', பெயரின் பொருளே நீச்சல் குளம். 1932இல் நெசவாலைத் தொழிலாளர்களின் ஊரில் கட்டிய குளம். 1985இல் மூடிவிட்டார்கள். 2001இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள், குளத்தை மூடாமலே. நீண்ட நீர்ப்பரப்பின் இரு கரையிலும் சிலைகள் வரிசையாக நிற்கின்றன, கூடத்தின் இரு கோடியிலும் சூரியக் கதிர் விரித்த வண்ணக் கண்ணாடி, அதன் மஞ்சள் ஒளி தண்ணீரில் விழுந்து கிடக்கிறது. குளித்தவர்கள் உடை மாற்றிய சிற்றறைகளில் இப்போது பீங்கானும் துணியும். வார நாட்களில் காலை 11 மணிக்கும், சனி ஞாயிறில் மதியம் 1 மணிக்கும்தான் திறக்கும். சீக்கிரம் போய்ப் பயனில்லை.

கொல்மார் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் பிரான்சில் ஒரே ஒரு ஓவியம்தான் பார்க்க முடியும் என்றால் கொல்மாருக்குத்தான் போகச் சொல்வேன். ஸ்திராஸ்பூரிலிருந்து டி.இ.ஆர். அரை மணி நேரம், நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. உந்தெர்லிந்தன் ஒரு பழைய கன்னியர் மடம். அதன் வழிபாட்டுக் கூடத்தில் இசென்ஹைம் பலிபீட ஓவியம். மத்தியாஸ் குருனேவால்ட் 1512 முதல் 1516 வரை வரைந்தது. கதவுபோல் திறந்து திறந்து மூடும் பலகைகள், இப்போது பிரித்துத் தனித்தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். சிலுவையில் தொங்கும் உடலைப் பாருங்கள். தோல் பச்சை பாய்ந்து, உடல் முழுக்க முள் தைத்த புண், விரல்கள் வலியில் மேல்நோக்கி விறைத்து நிற்கின்றன. அழகு என்ற சொல் அதன் பக்கத்தில் நிற்காது. இது யாருக்காக வரைந்தது என்று தெரிந்தால் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். அந்தோனியார் சபைத் துறவிகள் நடத்திய மருத்துவமனைக்காக வரைந்தது. அங்கே வந்தவர்களுக்கு, கோதுமை இனத்துத் தானியமான ரையில் பிடிக்கும் பூஞ்சையால் வரும் நோய். கைகால் எரிந்து அழுகிப்போகும், 'அந்தோனியார் நெருப்பு' என்று பெயர். அந்த நோயாளிகளை இந்த ஓவியத்தின் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களுடைய புண் அவருடைய உடம்பிலும் இருந்தது. பின்பக்கம் போனால் உயிர்த்தெழும் கிறிஸ்து, முகம் ஒளியில் கரைந்து மஞ்சளும் சிவப்புமாக. உட்கார இடம் இருக்கிறது. ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

தெற்கே போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை போதும். வான்கோவைத் தேடி ஆர்ல் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஊர் நல்ல ஊர். ஆனால் அவர் அங்கே வரைந்தவை உலகெங்கும் சிதறிவிட்டன. 'ரோன் ஆற்றின் மேல் விண்மீன் இரவு' என்ற ஓவியத்தைப் பார்க்க ஓர்சேக்குத்தான் திரும்பி வர வேண்டும்.

எட்டாம் படி: ஊருக்குள் போக்குவரத்து

பாரிசில் மெட்ரோ, புறநகர் ரயில் இரண்டுக்கும் 2025 முதல் தூரம் பாராமல் ஒரே விலை. அந்த ஆண்டில் 2.50 யூரோவாக இருந்தது, ஆண்டுதோறும் சில்லறை ஏறும். விமான நிலையச் சீட்டு மட்டும் தனி, பல மடங்கு அதிகம். சாதாரணச் சீட்டோடு விமான நிலையத்தில் போய் இறங்கினால் அபராதம். 2 யூரோ கொடுத்து 'நவிகோ ஈசி' அட்டை வாங்கிச் சீட்டை அதில் ஏற்றுங்கள். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையைக் கணவனும் மனைவியும் மாற்றி மாற்றித் தட்ட முடியாது. வெளியே வரும்வரை அட்டையோ சீட்டோ கையில் இருக்கட்டும். பரிசோதகர்கள் கும்பலாக, பெரும்பாலும் வெளியேறும் வழியில் நிற்பார்கள், புதியவர் என்பதெல்லாம் எடுபடாது.

வெளியூர்களில் டிராம். ஸ்திராஸ்பூரில் காகிதச் சீட்டை ஏறுமுன் நிறுத்தத்திலேயே முத்திரையிட வேண்டும். வண்டிக்குள் அதற்கு இயந்திரம் இல்லை. மோன்பெலியேயில் டிராம் இலவசம் என்று எங்காவது படித்திருப்பீர்கள். 2023 டிசம்பர் முதல் இலவசம்தான், அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு. உங்களுக்கும் எனக்கும் காசு.

இனி 'கிரேவ்'. வேலைநிறுத்தம் என்று பொருள். அது வரும். முன்னறிவிப்போடு வரும். மறுநாள் எந்தெந்த ரயில் ஓடும் என்ற பட்டியல் முந்தின நாள் மாலை வெளியாகிவிடும். அதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள். அருங்காட்சியக ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்வதுண்டு. கோபப்பட்டுப் பயனில்லை, சீட்டுக்குப் பணம் திரும்ப வருமா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

ஒரு வாரம் இருக்கிறது என்றால்

நான் போட்டுக் கொடுக்கும் வாரம் இப்படி இருக்கும். திங்கள், மெட்ரோவில் இயேனா நிறுத்தம், கீமே. எல்லோரும் லூவ்ரில் நசுங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அங்கே பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலத்து நடராசர் வெண்கலத்தின் முன்னால் நிற்கலாம். விளக்கப் பலகையில் தமிழ்நாடு என்ற பெயரை அங்கே படிக்கும்போது ஏற்படுவது பெருமையா வருத்தமா என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. செவ்வாய், பாதி நாடு மூடியிருக்கும்போது திறந்திருக்கும் ரூபே. புதன் பகல் ஓய்வு, மாலை லூவ்ர். வியாழன் காலை ரூவான், ஐந்து மணிக்குள் திரும்பி இரவு ஓர்சே. ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும் என்பது என் வழக்கம், இந்த ஒரு நாள் மட்டும் மீறலாம், மோனேவுக்காக. வெள்ளி, ஸ்திராஸ்பூருக்கு மாறுங்கள். சனி, கொல்மார். ஞாயிறு காலை டி.இ.ஆரில் மெஸ், நிலையத்தின் பின்பக்கம் இறங்கினால் எதிரே பொம்பிதூ கிளை, பெரிய தொப்பியைக் கவிழ்த்தாற்போன்ற வெள்ளைக் கூரை. மாலை ரயிலுக்கான டிக்கெட்டை மட்டும் வாரங்களுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஞாயிறு மாலை நாடே பாரிசுக்குத் திரும்பும்.

கார் து லெஸ்டில் வந்து இறங்கியதும் மெட்ரோவுக்குள் போகாதீர்கள். பெட்டியை உருட்டிக்கொண்டு ஃபோபூர் சான் தெனி தெருவில் வடக்கே நடங்கள், கார் து நோரைத் தாண்டுங்கள். பலகைகள் தமிழுக்கு மாறும். ஈழத் தமிழர்கள் லாச்சப்பல் என்று சொல்லும் இடம் அதுதான். ஏழு நாளாக ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்ற நாக்குக்கு இடியப்பமும் சொதியும் கேட்டு வாங்குங்கள். "எங்கயிருந்து வாறியள்?" என்று கேட்பார்கள். கொல்மாரிலிருந்து என்று சொல்லிப் பாருங்கள்.